கரையில் கிடக்கும் வலைக்குப் பங்கு இல்லை

ஆற்றுக்குப் போகும் நாள் குறையக் குறையத் தூண்டில் சாமான் பெருகுகிறது. ஃப்ளை ஃபிஷிங் பழகிய யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். வாரந்தோறும் தண்ணீரில் நிற்கிறவரிடம் ஒட்டுப்போட்ட வேடர்ஸ் என்னும் நீர்புகாக் கால்சட்டையும் ஒரு ராடும் இருக்கும். எப்போதாவது போக முடிகிறவரின் வீட்டில் ஓர் அறையே நிறைந்திருக்கும். என் வீட்டில் நிறைந்திருந்தது. இந்த வசந்தம் தொடங்குமுன் அதில் பெரும்பகுதியை விற்றேன். விலை பேசிய நேரம் கொஞ்சம். விற்பது எதை, வைத்துக்கொள்வது எதை, ஏன் என்ற யோசனைதான் மாதக்கணக்கில் நீண்டது. அந்த யோசனை என்னைப் பைபிளிடமும், நான் பிறந்த கடற்கரையிடமும், கடைசியில் ஒரு சமணக் குன்றிடமும் கொண்டுபோய் விட்டது.

நியூயார்க் மாநிலத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய பிங்ஹாம்டனில் இருக்கிறேன். கிழக்கே காரில் போனால் கேட்ஸ்கில் மலைகள். பீவர்கில், வில்லோவிமாக், டெலவேரின் மேற்குக் கிளை என்று ட்ரௌட் மீனுக்குப் பேர்போன ஆறுகள் அங்கே ஓடுகின்றன. அமெரிக்காவில் மிதக்கும் ஈக்களைக் கொண்டு மீன் பிடிக்கும் முறை வளர்ந்தது இந்த ஆறுகளில்தான். தியோடர் கார்டன் என்ற காசநோயாளி 1890-இல் இங்கிலாந்திலிருந்து ஹால்ஃபோர்ட் என்ற தூண்டில் நிபுணர் அனுப்பிய ஈ மாதிரிகளைப் பெற்று, அவை இந்த ஊர்ப் பூச்சிகளைப் போல இல்லை என்று கண்டு, இங்கே பறக்கிறதைப் பார்த்துப் பார்த்துத் தானே கட்டினார். 1915-இல் இறந்தார். அவர் தங்கியிருந்த நெவர்சிங்க் கிராமத்துப் பகுதி இப்போது ஒரு நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃப்ளை என்பது இறகையும் ரோமத்தையும் நூலால் கொக்கியில் சுற்றிக் கட்டிய பூச்சி உருவம். அதற்கு எடையே கிடையாது. அதனால் நம் ஊர்த் தூண்டிலைப்போல ஈயக்குண்டு கட்டி எறிய முடியாது. எடை கயிற்றில் இருக்கிறது. கயிற்றை வீசினால் ஈ பின்னாலேயே போய் விழும். முதல் 30 அடிக் கயிறு எவ்வளவு எடை என்பதை வைத்துக் கயிற்றுக்கும் ராடுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். சிற்றோடைக்கு 3. ட்ரௌட் ஆற்றுக்குப் பொதுவாக 5. கடலோரத்துப் பெரிய மீனுக்கு 8. சால்மனுக்கு இரண்டு கையாலும் பிடித்து வீசும் நீண்ட ராடு தனி. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு ரீல், ஒரு கயிறு. சாமான் பெருகுவதற்கான வழி இந்தக் கலையின் கணக்கிலேயே இருக்கிறது.

வாங்குவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான். ஆற்றோரம் உறைந்து கிடக்கும். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகளின் படிப்பும் வேலைப்பளுவும் மிகுந்த வருஷங்களில் ஏப்ரல் வந்தாலும் போக முடியாது என்பது அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் மனம் ராடைத் தேடும். போகாத நாளுக்குப் பதிலாக ஒரு பெட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கும். அதைத் திறந்து, துண்டுகளைப் பொருத்தி, கூடத்தில் நின்று ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டு வைப்பேன்.

இதைப் பேராசை என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பேராசைக்காரன் பொருளை எண்ணிப் பார்த்து மகிழ்வான். நான் எண்ணியதே இல்லை. 8 எண் ராடை வாங்கியபோது பஹாமாஸின் வெண்மணல் திட்டுகளில் நிற்கும் ஒரு மனிதனை மனதில் கண்டேன். இரட்டைக் கை ராடை வாங்கியபோது கனடாவின் மிராமிச்சி ஆற்றில் சால்மனுக்காக நிற்கும் ஒருவனைக் கண்டேன். இன்னொரு ராடு மொன்டானாவின் மேடிசன் ஆற்றுக்கு. அந்த மனிதர்கள் எல்லாருக்கும் என் முகம் இருந்தது, என் மூட்டுவலி இல்லை. நான் சேர்த்து வைத்தது சாமானை அல்ல, வாழாத நாட்களை.

யாத்திராகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில் மன்னா வருகிறது. வனாந்தரத்தில் ஒவ்வொரு காலையும் அன்றைக்கு வேண்டிய அளவு தரையில் கிடக்கும். அதிகம் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை, குறையச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் புழு வைத்து நாறியது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைப் பேராசைக்குக் கிடைத்த தண்டனையாகச் சொல்லித் தந்தார்கள். இந்த வயதில் வாசிக்கும்போது அந்த மக்களைப் பேராசைக்காரர்களாக எனக்குப் பார்க்க முடியவில்லை. நேற்றுவரை செங்கல் அறுத்த அடிமைகள் அவர்கள். நாளைக்கும் கிடைக்கும் என்று நம்ப அவர்களுக்கு எந்த முன் அனுபவமும் இல்லை. பயத்தில் எடுத்து வைத்தார்கள். நாட்களைச் சேர்த்து வைக்கிறவனும் பயந்தவன்தான். ஆயுள் இவ்வளவுதான் என்பதைப் பார்க்க மறுத்து, வரப்போகும் ஆண்டுகளுக்கு என்று சாமான் வாங்கி அடுக்குகிறான்.

விற்பனையில் கடினமாக இருந்ததும் இதுதான். பணம் நஷ்டம் என்பது பெரிதல்ல. பழைய ராடு பாதி விலைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இரட்டைக் கை ராடை ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். புலாஸ்கியில் சால்மன் ஆற்றில் பிடிக்கிறவர். குளிர்காலத்தில் தன் ராடை உடைத்துக்கொண்டவர். அவர் காரில் அதை வைத்த நேரத்தில், நான் மிராமிச்சியில் நிற்கப்போவதில்லை என்பது முடிவாயிற்று. வாசலில் நின்று அதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் வேண்டியிருந்தது. அறுபதை நெருங்கும் வயதில் ஒருவன் தன் கையாலேயே சில வாழ்க்கைகளை மூடி வைக்க வேண்டியிருக்கிறது. அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

இந்தக் கலைக்குத் தன் சொந்த எச்சரிக்கை தொடக்கத்திலேயே உண்டு. 1496-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட, தூண்டில் பற்றிய நூல், ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் அச்சேறிய முதல் எழுத்து. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற மடத்துத் தலைவி எழுதியது என்பது மரபு, ஆதாரம் உறுதியில்லை. அதில் ஒரு வருஷம் முழுமைக்குமாகச் சொல்லப்பட்டிருப்பவை 12 ஈக்கள். காசுக்கு ஆசைப்பட்டுப் பிடிக்காதே, ஒரே தடவையில் மிஞ்சி எடுக்காதே, தனியே போகிறவன் வழக்கமான செபங்களை நிம்மதியாகச் சொல்லலாம் என்றெல்லாம் அந்த நூல் கூறுகிறது. அதைப் படித்துவிட்டு என் அலமாரியைத் திறந்தால், 12 ஈக்கள் ஒரு பெட்டியின் ஒரு வரிசைக்குக்கூடக் காணாது.

பொருள் செயலை முழுவதுமாக விழுங்கிவிடும் என்பதற்கும் இந்தக் கலையில் ஒரு சான்று இருக்கிறது. 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் நகரில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பிலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. சில, இயற்கையியலாளர் ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் சேகரித்து அனுப்பியவை. எடுத்தவன் லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த இளைஞன். விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களைக் கட்டுவதில் தேர்ந்தவன். அந்த ஈக்களுக்குச் சொர்க்கப் பறவையின் இறகும் கொட்டிங்காவின் இறகும் வேண்டும். அப்படிக் கட்டுகிறவர்களில் பலர் அவற்றைத் தண்ணீரில் நனைப்பதே இல்லை. சால்மன் நிறம் பார்த்து இறகைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. மீனும் இல்லை, ஆறும் இல்லை. பல பறவைகளின் காலில் கட்டியிருந்த அடையாளச் சீட்டுகள் வெட்டி எறியப்பட்டன. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அழகின் மேல் உள்ள காதலில் தொடங்கிய ஒன்று அங்கே போய் முடிந்திருக்கிறது.

என் இறகுகள் எளியவை. சேவல் கழுத்து, பெண் ஃபெசன்ட்டின் வால், கௌதாரியின் மார்பு. அவற்றை விற்பதற்காகப் பெட்டியைத் திறந்தபோது அடியில் இருந்த இரண்டு தோல்கள் பொடியாக உதிர்ந்தன. அந்துப்பூச்சி. அந்துருண்டை போட்டிருந்தும் தின்றிருக்கிறது. பக்கத்தில் கடலோரம் போய்வந்த ஒரு ரீலின் உள்ளே துரு. பூச்சியும் துருவும் அரிக்கும் இடத்தில் செல்வத்தைச் சேர்க்க வேண்டாம் என்ற மலைப்பொழிவின் போதனையைச் சிறுவயதிலிருந்து உவமையாகவே கேட்டு வந்திருக்கிறேன். அது வீட்டுப் பரண்களைத் திறந்து பார்த்த ஒருவர் சொன்னது என்று அன்றைக்குப் புரிந்தது.

நான் பிறந்தது குளச்சலை அடுத்த கடற்கரையில். பாட்டாவுக்கு ஒரு கட்டுமரம், கொஞ்சம் வலை, தங்கூசியில் கட்டிய தூண்டில்கள். அப்பாவும் கடலுக்குப் போனவர். பாடு கரைக்கு வந்தால் பங்கு பிரிப்பார்கள். ஆளுக்குப் பங்கு, மரத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் கரையில் மாதா கோயில்கள் எழும்பியது மீனிலிருந்துதான். சாமானுக்கும் உழைத்தவனைப்போலவே பங்கு கொடுத்தார்கள் என்பதைப் பிற்பாடுதான் வியந்து பார்த்தேன். வலையும் கடலுக்குப் போயிருக்கிறது, நனைந்திருக்கிறது, அறுந்திருக்கிறது. அதனால் அதற்குப் பங்கு. கரையில் கிடக்கிற வலைக்குப் பங்கு கிடையாது. அது எவ்வளவு புதியதாக இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும். ஒரு பொருள் நம்முடையது ஆவது அது வேலை செய்யும்போதுதான் என்ற எண்ணம், யாரும் தத்துவமாகப் பேசாமலே அந்தக் கரையில் நடைமுறையாக இருந்தது.

இதை வைத்துக்கொண்டுதான் பேதுருவின் கதைக்கு வர வேண்டும். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்த இயேசுவை ஏற்கெனவே கண்டுவிட்ட பிறகு, பேதுரு மீன் பிடிக்கப் புறப்படுகிறார். தோமா, நத்தனியேல், செபதேயுவின் மக்கள், இன்னும் இரண்டு பேர் என்று மொத்தம் ஏழு பேர். இரவு முழுவதும் ஒன்றும் படவில்லை. விடியலில் கரையில் நின்றவர் வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள், வலை கிழியவில்லை. இந்தப் பகுதியை எங்கள் கோயிலில் வாசிக்கும்போது பிரசங்கத்தில் பேதுருவுக்குத் திட்டுதான் விழும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் பழைய வலைக்கே திரும்பிவிட்டார், பின்வாங்கிவிட்டார் என்று. தரையில் உட்கார்ந்து கேட்ட ஆண்கள் அத்தனை பேரும் மறுநாள் வலையோடு கடலுக்குப் போகிறவர்கள்.

அப்பாவுக்கு அந்தப் பிரசங்கம் ஒருநாளும் ஒப்பவில்லை. பேதுருவை ராயப்பர் என்றே அழைப்பவர், வீட்டுக்கு வந்து சொல்வார்: “ராயப்பரு மூணு வருசம் கடலுக்குப் போவல. அந்த வலையை ஆரோ பொத்தி, உணத்தி வச்சிருக்கான். இல்லேன்னா நூத்தி அம்பத்திமூணு பெரிய மீனு கெடந்து துள்ளுனா வலை தாங்குமா?”

விவிலிய அறிஞர்களின் உரைகள் பலவற்றைப் பின்னாளில் வாசித்தேன். 153 என்ற எண்ணுக்கு அகுஸ்தினார் தொடங்கி எத்தனையோ விளக்கங்கள் இருக்கின்றன; 1 முதல் 17 வரை கூட்டினால் அந்த எண் வரும் என்பதிலிருந்து அவர் ஒரு பொருள் காண்கிறார். வலையைப் பொத்தி வைத்தது யார் என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான். அது மீன்பிடிக்கிறவன் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. அந்தக் காலத்து வலை நார்நூல். நனைந்து காயாமல் குவிந்து கிடந்தால் மக்கிப்போகும். ஆக, சீடர்கள் விட்டுப்போன வலை கரையில் கிடக்கவில்லை. படகில் தகப்பன் செபதேயு இருந்தார், கூலியாட்கள் இருந்தார்கள் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். வலை இன்னொருவர் கையில் வேலை செய்துகொண்டே இருந்திருக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் திரும்பி வந்தபோது அது தாங்கியது.

இயேசு அவர்களைத் திட்டவும் இல்லை. கரையில் கரி நெருப்பில் மீனும் அப்பமும் வைத்திருந்தார். இப்போது பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்றார். அவர் கொடுத்ததும் அவர்கள் பிடித்ததும் ஒரே நெருப்பில் வெந்தன. துறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விடியலை விட்டுவிட்டுப் போவது எனக்குப் புரிவதில்லை. துறப்பது வேறு, அழிய விடுவது வேறு. வலையைத் துறந்தவர்கள் அதை எரித்துவிட்டுப் போகவில்லை. வேலை செய்யும் கைகளில் விட்டுப் போனார்கள்.

எனவே விற்பதா, கொடுப்பதா என்ற தயக்கமும் எனக்குத் தீர்ந்தது. இரண்டும் சரியே, தண்ணீருக்குப் போகாதவனிடம் போய்ச் சேரக் கூடாது, அவ்வளவுதான். 8 எண் ராடை லாங் ஐலண்டில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் பிடிக்கும் ஒரு செவிலிக்கு விற்றேன். அதை வாங்கச் சேகரிப்பாளர் ஒருவர் கூடுதல் விலை சொன்னார். அவரிடம் போயிருந்தால் அந்த ராடு இன்னொரு சுவரில் தொங்கியிருக்கும். மெல்லிய 4 எண் ராடுகளைக் காஸ்டிங் ஃபார் ரெகவரி நடத்தும் முகாமுக்காகக் கொடுத்தேன். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்காக 1996-இல் வெர்மான்ட்டில் தொடங்கிய அமைப்பு அது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோளும் கையும் இயல்புக்குத் திரும்ப, ராடு வீசும் மெதுவான அசைவு துணைசெய்கிறது. நான் கூடத்தில் நின்று அசைத்துப் பார்த்த ராடுகள் அவை.

வைத்துக்கொண்டது ஒரு 5 எண் ராடு, நுனியை ஒருமுறை சரிசெய்தது; ஒரு ரீல்; ஒரு சட்டைப்பைப் பெட்டி. அதில் ஃப்ராங்க் சாயர் கட்டிய வகை ஈக்கள் கொஞ்சம். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைக் காவல்காத்த மனிதர் அவர். ஃபெசன்ட் வால் இழையும் மெல்லிய செம்புக் கம்பியும் போதும் என்றார். நூல்கூட வேண்டாம், கம்பியே நூல், கம்பியே எடை. அதோடு ஹென்ட்ரிக்சன் ஈக்கள். அந்த ஈயைக் கார்டனின் நண்பர் ராய் ஸ்டீன்ராட் 1916-இல் பீவர்கில்லில் கட்டியதாகச் சொல்வார்கள்.

ஏப்ரல் கடைசியில் போனேன். டெலவேரின் மேற்குக் கிளை, ஹேல் எடி பக்கம். பிற்பகல். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி இளகத் தொடங்கும் நாட்களில், இரண்டு மணியை ஒட்டி ஹென்ட்ரிக்சன் பூச்சிகள் மேலே வரும். ஏறத்தாழ ஒரு வருஷம் அவை ஆற்றடிக் கற்களிடையே வாழ்ந்தவை. நீர்ப்பரப்புக்கு வந்து தோலை உரித்து, சாம்பல் சிறகு விரித்து, அது காயும்வரை நீரோட்டத்தில் மிதந்து வருகின்றன. அந்தச் சில கணங்களில்தான் ட்ரௌட் மேலெழுந்து கொத்துகிறது. தப்பியவை மரத்துக்குப் போய் மறுபடியும் ஒருமுறை தோலுரிக்கின்றன. சிறகு முளைத்த பிறகும் தோலுரிப்பது பூச்சி இனங்களில் இவை மட்டும்தான். வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. கூடி, முட்டையிட்டு, நீரில் விழுந்து முடிந்துபோகும்.

எதிர்க்கரை ஓரம் ஒரு மீன் ஒழுங்காக எழும்பிக்கொண்டிருந்தது. என் ஈயை அது விட்டுவிட்டது. மீண்டும் விட்டது. பழைய நாட்களில் நான் உடனே பெட்டிகளைத் திறந்து ஈயை மாற்றியிருப்பேன். மாற்ற ஈ இருக்கும்வரை தலை பெட்டிக்குள் குனிந்தே இருக்கும். இப்போது மாற்ற ஒன்றும் இல்லை. ஆகவே தண்ணீரைப் பார்த்தேன். எனக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு வேகமான நீர்நாக்கு ஓடியது. அது கயிற்றின் வயிற்றை முதலில் இழுத்துக்கொண்டு போக, ஈ உண்மைப் பூச்சியைவிட ஒரு விரற்கடை வேகமாக நகர்ந்தது. மீன் மறுத்தது ஈயை இல்லை, அந்த இழுப்பை. நான்கு அடி மேலே போய் நின்று, கயிற்றைத் தளர்த்தி வீசினேன். எடுத்தது.

தேர்ந்தவர்கள் இதை எப்போதும் சொல்வார்கள்: பெரும்பாலும் தப்பு ஈயில் இருப்பதில்லை, அது மிதந்து வரும் விதத்தில் இருக்கும். சாமான் நிறைந்தவனுக்கு அது காதில் விழும், கண்ணில் படாது. பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வேய் கவனத்தையே செபத்தின் சாரமாக எழுதினார். அந்த நீர்நாக்கைக் கண்டுகொண்ட நிமிஷத்தில் எனக்கு அவர் நினைவு வந்தது, மிகையாகச் சொல்லவில்லை. கையில் மாற்று இல்லாதபோது கவனம் தானாகவே வெளியே திரும்புகிறது.

அந்த ஆறும் எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. மேலே கேனன்ஸ்வில் அணை. 1964-இல் முடிந்தது. நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காகக் கேனன்ஸ்வில், ராக் ரிஃப்ட், பீர்ஸ்டன் உள்ளிட்ட ஊர்கள் காலிசெய்யப்பட்டன. கல்லறைகளைத் தோண்டி வேறிடம் கொண்டுபோனார்கள். அணையின் அடியிலிருந்து திறந்துவிடும் குளிர்ந்த நீரால்தான் கோடையிலும் இங்கே ட்ரௌட் வாழ்கிறது. பிறருடைய இழப்பின் மேல் வந்த கொடை இது. தண்ணீரில் கால் வைக்கும்போது அந்த ஊர்ப் பெயர்களை ஒருமுறை சொல்லிக்கொள்வேன்.

இனி, எனக்கு இன்னும் ஆறாத கேள்வி. நான் பிறந்த மாவட்டத்தில் சிதறால் மலை இருக்கிறது. பாறை முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சமணர்கள் அங்கே இருந்தார்கள். பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது எதுவும் புரியவில்லை. பின்னால் தமிழ்ச் சமண நூலான அருங்கலச்செப்பில் இல்லறத்தாருக்கான அடிப்படை விரதங்களைப் படித்தேன். துறவிக்கு முழுத் துறவு. வீட்டில் இருக்கிறவனுக்கு அளவு: என்னிடம் இவ்வளவு இருக்கலாம், இதற்கு மேல் வேண்டாம் என்று தானே வரம்பு கட்டிக்கொள்வது. நான் செய்ய முயன்றதற்கு இதைவிடப் பொருத்தமான வழியை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் பொருளளவு கடைசியில் வருகிறது. முதலில் நிற்பது கொல்லாமை. கடைசியை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பிடித்து விட்டுவிடுகிறேனே என்பது முழுப் பதில் ஆகாது. லீ வுல்ஃப் என்ற தூண்டில் எழுத்தாளர் 1930-களிலேயே மீனைத் திரும்ப ஆற்றில் விடச் சொல்லி எழுதினார், அதனால் இந்த ஆறுகளில் மீன் மிஞ்சியது. அது பெரிய காரியம். ஆனால் 2003-இல் லின் ஸ்னெடன் குழுவினர் எடின்பரோவை அடுத்த ராஸ்லினில் செய்த ஆய்வு ட்ரௌட்டின் தலையிலும் வாயிலும் வலியுணர் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டியது. உதட்டில் அமிலம் ஊசிமூலம் செலுத்தப்பட்ட மீன்கள் சரளைக்கல்லில் வாயைத் தேய்த்தன, வெகுநேரம் இரையைத் தொடவில்லை. அதை நாம் உணரும் வலியோடு ஒப்பிடலாமா என்று அறிவியலார் வாதிடுகிறார்கள். வாதம் முடியும்வரை மீனுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன். வெப்பமானி சட்டையில் தொங்குகிறது. தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் கயிற்றைச் சுருட்டிவிடுகிறேன், அந்த வெப்பத்தில் போராடிய ட்ரௌட் விட்ட பிறகும் செத்துப்போகலாம். சில மீன் பிடித்ததும் போதும் என்று கரையேறி உட்கார்ந்து பார்க்கிறேன். இவையெல்லாம் தீங்கைக் குறைக்கும். சிதறால் மலையில் இருந்தவர்களுக்கு இது பதிலாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பாவின் ஆட்சேபம் நேர் எதிர்த்திசையில் வருகிறது. எண்பதைத் தாண்டிவிட்டார். விட்டுவிடுவதைப் பற்றி முதல்முறை ஃபோனில் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: “திங்காத மீனுக்கு எதுக்கு மக்கா முள்ளு போடுத?” அவரைப் பொறுத்தவரை மீனைத் தின்பது அதற்குச் செய்யும் மரியாதை. விளையாட்டுக்கு இழுத்து விடுவது அவமரியாதை. யோசிக்க யோசிக்க அவர் பக்கம் கனம் கூடியது. ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் திருப்பிவிடும்போது, கொல்வதன் பொறுப்பை ஏற்காமல் வேட்டையின் இன்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கரி நெருப்பருகே நின்றவர் மீனைக் கொண்டுவரச் சொன்னார், தின்னச் சொன்னார்.

எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் பகுதியில், மே மாதத்தில் ஒரு பழுப்பு ட்ரௌட்டை வைத்துக்கொண்டேன். தலையில் ஒரே அடி. கொன்றேன் என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்துகிறேன். வேறு மென்மையான சொல் தேடவில்லை. அம்மா செய்வதுபோல மிளகும் மஞ்சளும் உப்பும் அரைத்துப் பூசிக் கொல்லைப்புறத்தில் கரியில் சுட்டேன். அன்று இரவு அப்பாவை அழைத்துப் படத்தைக் காட்டினேன். செதில் பொடியாக இருக்கிறதே, உரித்தாயா என்றார். முள் எப்படி, நெய் இருந்ததா என்றார். பிறகு, “ஆருக்கெல்லாம் பங்கு குடுத்த?” என்று கேட்டார். பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் பெரியவருக்குப் பாதி கொடுத்ததைச் சொன்னேன்.

“கோயிலுக்கு?” என்றார்.

ராடு விற்ற பணத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பி வைத்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.